வெற்று இரும்பில் எபாக்சி பிரைமர்: சிங்கப்பூர் ஈரத்தில் உரியாமல் அடிக்க ஒரு வழிகாட்டி

துவாஸிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு பட்டறையில் பெயின்ட் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அல்லது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் இரும்புக் கதவைச் சுரண்டி நீங்களே அடித்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறீர்கள். இரும்பில் முதல் பூச்சாக அடிக்கும், இரண்டு டப்பா கொண்ட எபாக்சி பிரைமர் கையில் இருக்கிறது: ஒன்றில் பேஸ் எனும் மூலப் பெயின்ட், மற்றொன்றில் அதை இறுக்கும் ஹார்டனர். அதை எப்போது திறப்பது, எப்படிக் கலப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்று தமிழில் ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. நான் இந்தத் தொழிலைத் துண்டு துண்டாகத்தான் கற்றேன். கொஞ்சம் மூத்த பெயின்டர்களிடமிருந்தும், கொஞ்சம் ஆங்கிலத் தாள்களிலிருந்தும் வந்தது. மீதியெல்லாம் மற்றவர்கள் அடித்து உரிந்துபோன கைப்பிடிக் கம்பிகளையும் படிக்கட்டுகளையும் நாள் கணக்கில் சுரண்டியபோது தெரிந்துகொண்டது. அந்தச் சுரண்டல் வேலை உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். எபாக்சி உரிந்தால் எல்லோரும் பெயின்டைத்தான் குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, டப்பாவைத் திறப்பதற்கு முன் நடந்ததும், நடக்காமல் விட்டதும்தான் பெரும்பாலும் காரணம். துரு நீங்கி இரும்பு பளிச்சென்று தெரிந்த நிமிடத்திலிருந்து உங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்த நேரத்தை ஒட்டியவை.

1. டப்பாவை வாங்கும்போதே இரண்டு தாள்களைக் கேளுங்கள்

ஒன்று தொழில்நுட்பத் தகவல் தாள், பட்டறையில் டிடிஎஸ் என்பார்கள். இன்னொன்று பாதுகாப்புத் தகவல் தாள், எஸ்டிஎஸ். இரண்டையும் தர முடியாத கடையில் எபாக்சி வாங்காதீர்கள்.

டிடிஎஸ்ஸில் நீங்கள் தேட வேண்டியவை: கலவை விகிதம், கலந்தபின் காத்திருக்கும் நேரம், கலவை தாங்கும் நேரம் (கலந்தது கெட்டியாகாமல் இருக்கும் நேரம்), பெயின்டை இளக்க எந்தத் தின்னர், அதிகபட்சம் எவ்வளவு, கனப்பொருள் விழுக்காடு (காய்ந்தபின் படலமாக மிஞ்சும் பங்கு), உலர்ந்த படலத்தின் தடிமன், அடுத்த கோட் அடிக்கக் குறைந்தபட்ச நேரமும் அதிகபட்ச நேரமும். இந்த நேரங்கள் பெரும்பாலும் வெப்பநிலைவாரியாக அட்டவணையில் இருக்கும். குளிர்நாட்டுப் பத்திகளை விட்டுவிட்டு 25 முதல் 35 டிகிரி வரையுள்ள பத்திகளை மட்டும் பாருங்கள்.

கலவை விகிதம் கன அளவிலா, எடையிலா என்பதைக் கவனியுங்கள். 4:1 என்று போட்டிருப்பது பெரும்பாலும் கன அளவாக இருக்கும். அதைத் தராசில் நிறுத்துக் கலந்தால் விகிதம் தப்பிவிடும். இன்னொரு பொறியும் உண்டு. ஒரே பேஸுக்கு இரண்டு மூன்று வகை ஹார்டனர்கள் விற்கிறார்கள். கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்று எடுத்துக் கொடுக்கலாம். ஹார்டனரின் குறியீட்டு எண் டிடிஎஸ்ஸில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டு டப்பாக்களின் பேட்ச் எண்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு புகார் சொல்ல வேண்டி வந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

கப்பல் பட்டறையில் ஸ்பிரே அடிப்பது அபாயமான வேலை. அந்த வேலைக்கென்று எழுதித் தரும் பணி அனுமதிச் சீட்டு (பெர்மிட்-டு-ஒர்க்) இல்லாமல் தொடங்கக் கூடாது. பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டிங்கோ நடக்கிறதா என்று சீட்டில் கையெழுத்திடுபவர் பார்க்கட்டும். சீட்டு வரும்வரை டப்பா மூடியே இருக்கட்டும்.

2. எவ்வளவு வாங்குவது, பணம் எங்கே போகிறது

கணக்கு எளிது. கனப்பொருள் விழுக்காட்டைப் பத்தால் பெருக்கி, வேண்டிய உலர் தடிமனால் வகுத்தால் ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று வரும். 50 விழுக்காடு, 60 மைக்ரான் என்றால் 500-ஐ 60-ஆல் வகுக்க 8.3. இது ஏட்டுக் கணக்கு. ஸ்பிரேயில் காற்றோடு போவது, டப்பாவில் ஒட்டியிருப்பது என்று 35 விழுக்காடு கழித்தால் ஐந்தரைக்கும் சற்றுக் குறைவு. 20 சதுர மீட்டர் வேலைக்கு ஒரு கோட்டுக்கே 3.7 லிட்டர் ஆகிவிடும். ஐந்து லிட்டர் செட் ஒன்று வாங்கி இரண்டு கோட் அடித்துவிடலாம் என்று நினைத்தால் பாதியில் நிற்பீர்கள். மெல்லிய கம்பிகள் உள்ள ஜன்னல் கிரில்லுக்கு ஸ்பிரே வேண்டவே வேண்டாம். பாதிக்கு மேல் இடைவெளி வழியே பறந்துவிடும். பிரஷ்ஷும் சிறிய ரோலரும் போதும்.

ஈரப் பெயின்ட் படலத்தின் தடிமனை அளக்கும் சீப்பு சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஈரப்பதமானி, வெப்பமானி இரண்டும் சில பத்து வெள்ளி. உலர் படலத்தை அளக்கும் கருவிதான் நூற்றுக்கணக்கில் போகும். அதை இரவல் வாங்கலாம். சீப்பையும் ஈரப்பதமானியையும் தவிர்த்து மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவாக வருகிறதென்று, திறந்து மூடிய ஹார்டனர் டப்பாவையும் வாங்காதீர்கள். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் அதை உள்ளேயே கெடுக்கத் தொடங்கியிருக்கும்.

3. எந்த மணிக்கு அடிப்பது

இந்த ஊரில் புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

சிங்கப்பூரில் ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டும். விடிகாலையில் 90-க்கு மேல் இருக்கும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். பொதுவான விதி இரண்டு. ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இரும்பின் வெப்பநிலை, பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை.

காலை எட்டு மணிக்குக் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 என்று வையுங்கள். பனிநிலை ஏறத்தாழ 25.2. இரும்பு 28.2 டிகிரியாவது இருக்க வேண்டும். ஆனால் இரவெல்லாம் வெளியில் கிடந்த தடித்த இரும்பு காற்றைவிடக் குளிர்ந்து 26-இல்தான் இருக்கும். கண்ணுக்கு ஈரமே தெரியாது. தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். அடித்தால் பிரைமர் இரும்பில் உட்காராமல் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் உட்காரக்கூடும். அதே இடத்தில் பிற்பகல் காற்று 32, ஈரப்பதம் 62 என்றால் பனிநிலை 23.8-க்கு வந்துவிடும். இரும்பு 31-இல் இருந்தால் தாராளமான இடைவெளி. பனிநிலையை மனக்கணக்காகப் போட வேண்டாம். கைப்பேசியில் கணிப்பான்கள் இருக்கின்றன.

வெயிலில் நேராகக் கிடக்கும் இரும்பும் ஆகாது. தொட முடியாத சூட்டில் அடித்தால் தின்னர் நொடியில் பறந்து, பிரைமர் பொடியாக விழும், ஊசித்துளைகள் வரும். டிடிஎஸ்ஸில் மேல் எல்லை தந்திருப்பார்கள். ஆகவே நிழலில், ஏறத்தாழ காலை பத்தரையிலிருந்து பிற்பகல் மூன்றரைக்குள் முதல் கோட்டை முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் மதியத்துக்குள் முடிப்பது நல்லது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் அடுத்த இரண்டு மணி நேர முன்னறிவிப்பு பகுதிவாரியாக வரும். பிரைமரைக் கலப்பதற்கு முன் அதை ஒரு தடவை பாருங்கள். கலந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் வெற்று இரும்பில் காட்டினால் தவறான எண்ணைக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, சில நிமிடம் கழித்து அதன்மேல் அளவெடுங்கள். அளவெடுத்ததும் டேப்பை எடுத்து, அந்த இடத்தைத் துடைத்துவிடுங்கள்.

4. எண்ணெயை முதலில் எடுங்கள், பிறகுதான் தேய்ப்பு

வரிசை மாறக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கோடு கிரைண்டர் வைத்தால் பிசுக்கைக் கீறலுக்குள் தள்ளி நிரப்புகிறீர்கள் என்று பொருள். இரண்டு துணி வேண்டும்: ஒன்றில் தின்னரை நனைத்துத் துடையுங்கள், அது காய்வதற்கு முன் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணியால் கதவு முழுவதையும் துடைத்தால் எண்ணெயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரப்பியதுதான் மிச்சம். மறுசுழற்சித் தின்னரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது தானே ஒரு படிவை விட்டுச் செல்லும்.

கடலோரப் பட்டறையில் கிடந்த இரும்பென்றால் உப்பு இருக்கும். தின்னரால் உப்பு போகாது. நல்ல தண்ணீரில் கழுவி உடனே காயவைக்க வேண்டும். உப்பு பிரைமருக்கு அடியில் சிக்கிக்கொண்டால் படலத்தின் வழியே ஈரத்தை உறிஞ்சி, கொப்புளங்களாகத் தூக்கிவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை: கொஞ்சம் சுத்தமான தண்ணீரைத் தெளியுங்கள். தகடுபோல் பரவி நின்றால் சரி. முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

5. தேய்ப்பு

புதிய இரும்பில் நீலங்கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு படலம் பளபளக்கும். அதுதான் மில் ஸ்கேல். பார்க்க உறுதியாகத் தெரியும், அதனால் பலர் அதன்மேலேயே அடித்துவிடுகிறார்கள். நாளடைவில் அது இரும்பை விட்டுக் கழன்று, மேலே உள்ள பெயின்டையும் தூக்கிக்கொண்டு வரும். முழுவதும் போக வேண்டும்.

மணல் வீச்சு வசதியிருந்தால் இரும்பின் சுத்தத்தைத் தரம் பிரிக்கும் ஐஎஸ்ஓ 8501-1-இல் எஸ்ஏ 2½ என்ற மணல் வீச்சுத் தரத்தைக் கேளுங்கள். கைவேலையானால் கைக்கருவி, மின்கருவித் தரமான எஸ்டி 3 வரை எட்டலாம். ஆனால் எஸ்டி 3-இல் மில் ஸ்கேல் முழுவதும் போகாது. டிடிஎஸ் எஸ்டி 3-ஐ ஏற்கிறதா என்று பாருங்கள். கம்பித் தூரிகைச் சக்கரத்தை அழுத்தி ஓட்டினால் இரும்பு கண்ணாடிபோல் மினுங்கும். அந்த மினுக்கத்தில் எபாக்சிக்குப் பிடிமானம் கிடையாது. கடைசியாக 80 எண் உப்புத்தாளாலோ ஃபிளாப் டிஸ்க்காலோ கீறல் போட்டு முடியுங்கள். கூரான விளிம்புகளை மழுக்குங்கள், வெல்டிங் தெறிப்புகளைத் தட்டி எடுங்கள். விளிம்பில் பெயின்ட் தானாகவே மெலிந்துவிடும்.

துரு மாற்றும் அமிலக் கரைசல்களில் எச்சரிக்கை வேண்டும். மிஞ்சிய அமிலம் ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்துகொண்டு, அடிப்பக்கம் இறுகாமல் செய்துவிடும். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் அடித்த இடத்திலும் இதே சிக்கல் வரலாம். உற்பத்தியாளர் அனுமதித்தால் தவிர அதன்மேல் எபாக்சி போடாதீர்கள்.

துத்தநாகம் பூசிய இரும்பை லேசாகத் தேய்த்து, மினுக்கத்தை மட்டும் எடுங்கள். துத்தநாகத்தையே எடுத்துவிடக் கூடாது.

தேய்த்த இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள். மறுநாள் காலை பாருங்கள்: தொட்ட இடத்தில் விரல் ரேகை கோடு கோடாக, பழுப்பு நிறத்தில் துருவாக எழுந்திருக்கும். வியர்வை உப்பு அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. தேய்த்த இரும்பை மறுநாளுக்கு வைக்கவும் கூடாது. நான் நான்கு மணி நேரத்துக்குள் பிரைமரை ஏற்றிவிடுகிறேன். முதல் நாள் மாலை எண்ணெய் நீக்கம், மறுநாள் காலை எட்டு மணிக்குத் தேய்ப்பு, பத்தரைக்குத் தூசி துடைத்துக் கலவை, பதினொன்றுக்கு முதல் கோட் என்று திட்டமிட்டால் இரும்பும் வானிலையும் ஒத்துவரும். வீவக புளோக்கில் காலை 9 மணிக்கு முன் கிரைண்டர் ஓட்டக் கூடாது. அங்கே எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

6. கலவை

பேஸ் டப்பாவைத் தனியாக, அடியில் படிந்திருப்பது முழுவதும் மேலே வரும்வரை கலக்குங்கள். பிறகு ஹார்டனரை ஊற்றி, ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலந்து, வேறொரு சுத்தமான டப்பாவுக்கு மாற்றி மீண்டும் கலக்குங்கள். முதல் டப்பாவின் சுவரில் ஒட்டிய, கலவாத பேஸ் தூரிகையில் வந்தால் அந்த இடம் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

கார் பட்டறையில் பட்டி வேலை பார்த்தவர்கள் கவனியுங்கள். பாலியெஸ்டர் பட்டியில் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்சியில் அப்படி இல்லை. இங்கே பேஸும் ஹார்டனரும் கணக்காக ஒன்றோடொன்று இணைகின்றன. கூடுதலாகப் போட்டது இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கி, படலத்தை மென்மையாக்கிவிடும். அவசரத்துக்கு ஹார்டனரைக் கூட்டாதீர்கள்.

டிடிஎஸ் 15 அல்லது 30 நிமிடம் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். தின்னரை இரண்டும் கலந்தபின்பே சேருங்கள், அதுவும் எபாக்சித் தின்னர் மட்டும். கலவை தாங்கும் நேரம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும்: 25 டிகிரியில் நான்கு மணி நேரம் என்றால் 35-இல் இரண்டு. நேரம் முடிந்து கெட்டியாகத் தொடங்கியதைத் தின்னர் ஊற்றி இளக்கி அடிப்பவர்களை எல்லாப் பட்டறையிலும் பார்க்கலாம். இளகும், பரவும், ஆனால் ஒட்டாது. மிஞ்சியதை வாளியில் மொத்தமாக விடாதீர்கள். வினையின் சூட்டில் புகையே கிளம்பும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி இறுகவிடுங்கள்.

கைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலும் தடித்துச் சிவக்கும், தொழிலையே விட வேண்டி வரலாம். வெயில் தாங்காமல் சட்டைக் கையை மடித்துவிடாதீர்கள். நைட்ரில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தின்னர் பட்டால் உடனே மாற்றுங்கள். தோலில் பட்டதைத் தின்னரால் கழுவாதீர்கள், சோப்பும் தண்ணீரும் போதும். தூசி முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கான கார்ட்ரிஜ் உள்ள சுவாசக் கவசம் வேண்டும். அதை முதலாளிதான் தர வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மருத்துவரிடம் எஸ்டிஎஸ் தாளை எடுத்துச் செல்லுங்கள். வேலையால் வரும் தோல் நோய், வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் அடங்கும்.

7. அடித்தல்

முதலில் விளிம்பு, வெல்டிங், போல்ட் துளை, மூலை எல்லாவற்றிலும் தூரிகையால் ஒரு தடவை அடித்துவிடுங்கள். பிறகு முழுப் பரப்பு. அடித்ததும் சீப்பை வைத்து அளவெடுங்கள். 60 மைக்ரான் உலர் தடிமன், 50 விழுக்காடு கனப்பொருள், 10 விழுக்காடு தின்னர் என்றால் ஈரத்தில் 132 மைக்ரான் இருக்க வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாக ஏற்றினால் மேல்தோல் காய்ந்து தின்னர் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

ஸ்பிரே என்றால் கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். இந்த ஈரக் காற்றில் தினமும் நிறைய சேரும். ஸ்பிரே கன்னிலிருந்து வெறும் காற்றை ஒரு அட்டைமீது அடித்துப் பாருங்கள். புள்ளி விழுந்தால் இன்னும் வடியவில்லை.

8. காய்வது வேறு, இறுகுவது வேறு

தொட்டால் ஒட்டவில்லை என்றால் தின்னர் போய்விட்டது, அவ்வளவுதான். பேஸும் ஹார்டனரும் இணைந்து முழுதாக இறுக நம் ஊர் வெப்பத்திலும் பொதுவாக ஏழு நாட்கள் ஆகும். மறுநாளே லாரியில் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டாதீர்கள்.

முதல் இரவு முக்கியம். முழுதாகக் காயாத பிரைமரை வெளியில் விட்டால், ஹார்டனரிலுள்ள அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே வெளிறிய, வழவழப்பான ஒரு படிவாக வரும். அதன்மேல் அடித்த டாப்கோட் (மேற்பூச்சு) தாளாக உரியும். இந்தப் படிவு தண்ணீரில் கரையும், தின்னரில் இழுபடும். எனவே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் கழுவி, அலசி, காயவைத்து, அதன்பிறகே உப்புத்தாள் போடுங்கள்.

அடுத்த கோட்டுக்கான அதிகபட்ச நேரத்தைப் பலரும் படிப்பதே இல்லை. அது தாண்டிவிட்டால் பிரைமர் இறுகி, புதிய கோட்டோடு வேதியியல் பிணைப்பு கிடைக்காது. 120 முதல் 180 எண் உப்புத்தாளால் மினுக்கம் போகத் தேய்த்துத் துடைத்தபின் அடியுங்கள். எபாக்சி வெயிலில் பொடிந்து மாவாகும். வெளிப்புற வேலைக்கு மேலே பாலியூரித்தேன் டாப்கோட் கட்டாயம். இரண்டு டப்பாவாக வரும் பாலியூரித்தேனின் ஹார்டனரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் உண்டு. அதை ஸ்பிரே அடிக்கச் சாதாரண கவசம் போதாது என்பதால் அதன் எஸ்டிஎஸ்ஸைத் தனியாகப் படியுங்கள்.

9. சோதனை

வேலையோடு சேர்த்து ஒரு சிறு தகட்டையும் அதேபோல் தேய்த்து அடித்து வையுங்கள். ஏழு நாள் கழித்து, பிரைமரின் பிடிமானத்தைப் பார்க்க அதில் குறுக்குவெட்டுச் சோதனை செய்யலாம். 60 மைக்ரான் வரை 1 மில்லிமீட்டர் இடைவெளியிலும், 120 வரை 2 மில்லிமீட்டர் இடைவெளியிலும், இரு திசையில் ஆறு ஆறு வெட்டு. டேப் ஒட்டி இழுங்கள். முடிவைத் தாளில் எழுதும்போது எந்தத் தரம் என்று குறிப்பிடுங்கள்: ஐஎஸ்ஓ 2409-இல் 0 என்றால் மிகச் சிறப்பு, ஏஎஸ்டிஎம் டி3359-இல் 0பி என்றால் படுமோசம்.

10. மிச்சமும் கழிவும்

எந்த வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள்; இந்த ஊரின் மழைநீர் வாய்க்கால்களில் பல குடிநீர்த் தேக்கங்களுக்குப் போகின்றன. பட்டறைக் கழிவை உரிமம் பெற்றவர்தான் எடுக்க வேண்டும்.

11. முன்பே உரிந்த வேலை கையில் வந்தால்

உரிந்த சில்லின் பின்பக்கத்தைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும். கரிய தகடு ஒட்டியிருந்தால் மில் ஸ்கேலை எடுக்கவில்லை. பழுப்புப் பொடி என்றால் துருவின்மேல் அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் வழவழவென்று சுத்தமாக, இரும்பும் மினுங்கிக்கொண்டிருந்தால் எண்ணெயோ ஈரமோ, கீறல் போடாத பரப்போ காரணம். பிரைமர் இரும்பிலேயே இருக்க, டாப்கோட் மட்டும் வந்தால் வெளிறிய படிவு அல்லது கடந்துபோன நேரம். நகத்தால் அழுத்தப் பள்ளம் விழுந்தால் கலவை விகிதம் தப்பியிருக்கிறது. அதன்மேல் எத்தனை கோட் போட்டாலும் நிற்காது, இரும்புவரை எடுத்துவிடுங்கள். மற்றவற்றில், கத்தி நுனியால் நெம்பினாலும் எழாத விளிம்பு வரும்வரை சுரண்டி, அந்த விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, நான்காவது படியிலிருந்து தொடங்குங்கள்.